மெயின் பாக்ஸ் முனகிய கதை

எங்கள் தெருவில் வாயில்லாதவர்கள் என்று யாரும் கிடையாது. போன வருடம் அந்தக் கூட்டத்தில் வீட்டு மின்பெட்டிகளும் சேர்ந்துகொண்டன. மீட்டருக்குப் பக்கத்தில், இரும்பு மூடி போட்டுக்கொண்டு, தேமே என்று சுவரில் கிடந்த மெயின் பாக்ஸ்கள் திடீரென்று பேசத் தொடங்கிவிட்டன. பேச வைத்தவர் பெயர் மின்சாமி. அவராக வைத்துக்கொண்ட பெயர்தான்.

சாமி வருகிறார் என்றால் தெருவில் போக்குவரத்தே நின்றுவிடும். முன்னால் ஒரு கூட்டம், பின்னால் ஒரு கூட்டம், நடுவில் கணுக்கால் வரை வெள்ளை அங்கி. அங்கியின் ஒவ்வொரு கையும் ஒரு தலையணை உறை அளவுக்கு இருக்கும். கொளுத்துகிற வெயிலில் இவ்வளவு பெரிய கை எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. ஞானம் காற்றாட இருக்கட்டும் என்று நினைத்தார்களோ என்னவோ.

அவருடைய வித்தை எளிமையானது. உங்கள் வீட்டு மெயின் பாக்ஸ் பழசாகிவிட்டது. அடிக்கடி ட்ரிப் ஆகிக் கரண்ட் போகிறது, விளக்கு மினுக்குகிறது. ரிப்பேர் செய்வதா, புதிதாக மாற்றுவதா என்று குழப்பம். இதற்கெல்லாம் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவது பாமரர்களின் வழக்கம். மின்சாமி பெட்டியையே கேட்டுவிடுவார். இரும்பு மூடியின் மேல் முழங்கையிலிருந்து விரல்வரை பதியும்படி கையை வைப்பார். கண்ணை மூடுவார். "பெட்டியே, உனக்கு வைத்தியமா, விடுதலையா?" என்பார். உடனே பெட்டி முனகும். கிர்ர் என்று ஒரு தரம் முனகினால் ரிப்பேர். இரண்டு தரம் முனகினால் மாற்ற வேண்டும்.

நான் சத்தியமாகச் சொல்கிறேன், முனகியது. என் காதாலேயே கேட்டேன்.

ரிப்பேர் என்றால் சாமியே செய்வார். ஸ்க்ரூ டிரைவரைத் தொடமாட்டார், அது அவருடைய அந்தஸ்துக்குக் குறைவு. மூடியைச் சுற்றி ஒரு சமாதானக் கம்பியைக் கட்டுவார். செம்புக் கம்பி. அது கறுத்துப்போனால் பெட்டிக்கு மறுபடி மனவருத்தம் என்று அர்த்தம், மறுபடி கம்பி, மறுபடி காணிக்கை. செம்பு என்றால் கறுக்காமல் என்ன செய்யும்? மாற்ற வேண்டும் என்று பெட்டி சொல்லிவிட்டால், சாமி ஓதிக் கொடுத்த புதுப் பெட்டியை அவரிடமே வாங்கி மாட்ட வேண்டும். வாசலில் கார் நிற்கிற வீட்டுப் பெட்டிகளெல்லாம் விடுதலை கேட்டன. சைக்கிள் நிற்கிற வீட்டுப் பெட்டிகள் வைத்தியத்தோடு திருப்தி அடைந்தன. பெட்டிகளுக்குக்கூட வீட்டு நிலவரம் தெரிகிறது பாருங்கள், என்ன பொறுப்பு!

சாமியின் முதல் பக்தர், பக்கத்து வீட்டு ரேடியோ மாமா. ரேடியோ ரிப்பேர்க்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். நிறுத்தாமல் பேசுவார், அவ்வளவுதான். அவருடைய பெட்டி இரண்டு தரம் முனகி, பழையது போய்ப் புதுசு வந்துவிட்டது.

"தம்பி, புதுப் பெட்டி வந்ததுலேருந்து வீட்டுல ஒரு அமைதி" என்றார் என்னிடம்.

"அத்தை ஊருக்குப் போயிருக்காங்களா மாமா?"

"ஆமா, அதுக்கென்ன இப்போ?"

அதற்கென்ன, ஒன்றுமில்லை.

இதெல்லாம் வெறும் சிரிப்போடு போயிருக்கும், மின்சாமி எங்கள் அண்ணன் வீட்டுக்குள் நுழையாமல் இருந்திருந்தால்.

அண்ணன் வீட்டுப் பெட்டிக்கு நிஜமாகவே நோய். ஹீட்டரையும் அயர்ன் பாக்ஸையும் சேர்த்துப் போட்டால் பிளாஸ்டிக் கருகுகிற வாடை வரும். மூடியைத் தொட்டால் சுடும். அண்ணி ஒரு பல் மருத்துவரிடம் உதவியாளராக வேலை பார்ப்பவர். வலிக்கிறது என்றால் வாயைத் திறந்து பார்க்க வேண்டும் என்பது அவருடைய கட்சி. "எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க" என்றார். அண்ணன் மின்சாமியைக் கூப்பிட்டார்.

பெட்டி ஒரு தரம் முனகியது. வாசலில் அண்ணனுடைய சைக்கிள் நின்றிருந்தது.

சாமி கம்பியைக் கட்டிவிட்டு இரண்டு கட்டளைகள் போட்டார். முதலாவது, சமாதானம் முடியும்வரை வேறு யார் கையும் பெட்டியின் மேல் படக்கூடாது. பட்டால் குடும்பத் தலைவனுக்கு நெஞ்சில் அடிக்கும். அண்ணனுக்கு அதற்கு முந்தின வாரம்தான் நெஞ்சில் ஒரு பிடிப்பு வந்து, வாயுப் பிடிப்பு என்று டாக்டர் அனுப்பிவைத்திருந்தார். அதைத் தெரு முழுக்கச் சொல்லியிருந்தவர் ரேடியோ மாமா. சாமி ஞானத்தால் அறிந்ததாக அண்ணன் நம்பினார்.

இரண்டாவது கட்டளையைக் கேட்டபோதுதான் எனக்கு ரத்தம் கொதித்தது. பெட்டி இருந்த சுவர் வெறும் பலகைத் தடுப்பு. அதற்கு அந்தப் பக்கம் குழந்தையின் அறை, சுவரை ஒட்டிக் கட்டில். அண்ணி அந்தக் கட்டிலைக் கூடத்துக்கு இழுத்துப் போட்டிருந்தார். சாமி அதைப் பார்த்துவிட்டு, "பெட்டிக்குத் தனிமை ஆகாது, பிள்ளை அங்கேயே தூங்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் கட்டில்தான் அதிகம் நடந்தது. அண்ணி கூடத்துக்கு இழுப்பார். அண்ணன் அறைக்கு இழுப்பார். குழந்தை அதன் மேல் உட்கார்ந்துகொண்டு கைதட்டும்.

"என்னங்க, புள்ளையோட உசுருங்க" என்றார் அண்ணி.

"என் உசுரு மட்டும் என்ன, கடையில வாங்கினதா?"

அண்ணன் கெட்டவர் இல்லை. பயந்தவர். பயந்தவரிடம் விவாதம் செய்து ஜெயிக்க முடியாது என்று அண்ணிக்குப் புரிந்துவிட்டது.

அடுத்த நாள் அண்ணன் வேலைக்குப் போனதும் அண்ணி என்னைக் கூப்பிட்டார். "தம்பி, உங்ககிட்ட டிரில் இருக்கில்ல? கொண்டாங்க." கடையில் ஒரு காலிப் பெட்டி வாங்கி வைத்திருந்தார். இரும்பு மூடி, அழகான சாம்பல் நிறம். சமையலறைக்குப் பக்கத்துச் சுவரில் அதை மாட்டினோம். ஒயர் கிடையாது, ஒயர் வர ஓட்டைகூடப் போடவில்லை. சும்மா கிடப்பானேன் என்று துணி காயப்போடுகிற கிளிப்புகளையெல்லாம் அதற்குள் கொட்டி மூடினார்.

"அண்ணன் கேட்டா?"

"வாஷிங் மெஷினுக்குத் தனி பாக்ஸ்னு சொல்லிக்கிறேன். அவர் எதைத்தான் தொறந்து பாத்திருக்காரு?"

கம்பி மாற்றும் நாள் வந்தது. பட்டப்பகல். கூடம் நிறையக் கூட்டம், ஜன்னலிலும் தலைகள். அண்ணி பணிவாக வந்து நின்றார். அவ்வளவு பணிவை நான் அவரிடம் அதற்கு முன் பார்த்ததில்லை, எனக்கே பயமாக இருந்தது.

"சாமி, வாஷிங் மெஷினுக்குப் புதுசா ஒரு பாக்ஸ் போட்டோம். அதையும் ஒரு வார்த்தை கேட்டுடுங்களேன். நல்ல விலை, என் தங்கச்சி வீட்டுக்காரர் பணம். அவருக்குக் கார் இருக்கு, வாசல்லதான் நிக்குது."

கார் நின்றது நிஜம். யாருடையது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

சாமி காலிப் பெட்டியின் மேல் கையைப் பதித்தார். கண்ணை மூடினார். "சின்ன வயசுப் பெட்டி. ஆனா மனசுல பாரம் ஜாஸ்தி" என்றார். உள்ளே ஒரு வாளி கிளிப்பு இருந்தது, பாரம் இல்லாமலா?

"பெட்டியே, உனக்கு வைத்தியமா, விடுதலையா?"

கிர்ர். கிர்ர்.

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"மாத்தணுமா சாமி? என்ன கோளாறு?"

"உள்ள ஓடுற மின்சாரம் அழுவுதும்மா. மூணு ஒயரும் ஒண்ணோட ஒண்ணு முகம் கொடுத்துப் பேசல."

"மூணு ஒயரா? நல்லாத் தெரியுதா?"

"எனக்குத் தெரியாததா?"

அண்ணி மூடியைத் திறந்தார். சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாகக் கிளிப்புகள் சாமியின் பாதங்களில் பொலபொலவென்று கொட்டின. சாமியின் முகத்தில் ஈயாடவில்லை. அண்ணன் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார், கிளிப்பைப் பார்த்தார், மறுபடி பெட்டிக்குள் பார்த்தார்.

அதோடு குட்டு உடைந்தது என்றுதானே நினைக்கிறீர்கள்? உங்களுக்கு எங்கள் தெருவைத் தெரியாது.

"ஆகா!" என்று கத்தினார் ரேடியோ மாமா. "ஒயரே இல்லாத பெட்டியையும் பேச வெச்சுட்டாரய்யா சாமி!"

"ஆகா!" என்றது கூட்டம். ஒரு பெண்மணி கிளிப்பு ஒன்றைப் பொறுக்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சாமிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "சோதிக்கத்தான் வெச்சீங்கன்னு தெரியும் தாயே, நானும் சோதிச்சேன்" என்று புன்னகைத்தார். எனக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

அண்ணி அசரவில்லை. "ரொம்ப சந்தோஷம் சாமி. வெறும் டப்பாவே பேசுதுன்னா இன்னொரு தரம் பேசட்டும். வெளியில உங்க சீடர் வெயில்ல நிக்கிறாரே, பாவம், அவரும் பாக்கட்டும். தம்பி, அவரைக் கூட்டிட்டு வாங்க."

சீடர் என்பது நாற்பது வயது ஆள், பெரிய மீசை. சாமி எந்த வீட்டுக்குள் போனாலும் அவர் ஜன்னலோரமாகத் தெருவிலேயே போனும் கையுமாக நிற்பார். கேட்டால், கெட்ட காற்றைத் தடுக்கிறாராம். அவர் தோளில் அன்பாகக் கை போட்டு உள்ளே தள்ளிக்கொண்டு வந்தேன்.

"அந்த போனை இப்படி மேஜை மேல வைங்கண்ணே. கைக்கு ஓய்வு வேணாமா?" என்று அண்ணியே வாங்கி வைத்தார்.

"பெட்டி களைச்சுப் போச்சும்மா" என்றார் சாமி.

விட்டுவிடுவார்களா பக்தர்கள்? "கேளுங்க சாமி! எங்களுக்காக ஒரே ஒரு தடவை!" அவரைப் பிடித்துப் பெட்டிப் பக்கம் நகர்த்தியதே ரேடியோ மாமாதான்.

சாமி கேட்டார். பெட்டி பேசவில்லை. உரக்கக் கேட்டார். பேசவில்லை. மூடியைத் தட்டினார், தடவினார், "கோபமா?" என்று கொஞ்சினார். மாமா காதை வைத்துக் கேட்டு உதட்டைப் பிதுக்கினார். சாமி சீடரைப் பார்த்தார். சீடர் மேஜையைப் பார்த்தார்.

"அலைவரிசை சரியில்லை" என்று சொல்லிக்கொண்டே சாமி பெட்டியை விட்டு நான்கடி தள்ளி வந்து வியர்வையைத் துடைத்தார்.

"இருங்க, நான் சரி பண்றேன்" என்றார் அண்ணி. மேஜை மேல் இருந்த போனில் கடைசியாகக் கூப்பிட்ட எண்ணைத் தொட்டார். அதற்கு நேராக 'மச்சான்' என்று இருந்தது.

கிர்ர். கிர்ர். கிர்ர்.

பெட்டி அங்கே இருந்தது. முனகல் இங்கே, அங்கியின் கைக்குள் வந்தது. அண்ணி நிறுத்தவில்லை, அடிக்க விட்டார். ரேடியோ மாமா சாமியின் கையைப் பிடித்து அங்கியைச் சுருட்டினார். முன்னங்கையில் ரப்பர் பட்டை போட்டு இறுக்கிக் கட்டிய ஒரு போன், உடம்பெல்லாம் நடுங்கிக்கொண்டிருந்தது. சாமியும்தான்.

"அப்பவே சொன்னேன் மச்சான், ஒரு நாளைக்கு மாட்டுவோம்னு" என்றார் சீடர் அழாக்குறையாக.

மாமா முதல் தடவையாக வாயடைத்து நின்றார். அந்த நேரத்தில் இருவரும் பின்வாசல் வழியாகக் கம்பி நீட்டிவிட்டார்கள். வாசலில் விட்ட செருப்பைக்கூட எடுக்கவில்லை, வெறுங்காலோடு ஓடினார்கள். ஆனால் துரத்த ஆளில்லை. ஏமாந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள்.

அன்று மாலைக்குள் எலக்ட்ரீஷியன் வந்தார். மீட்டரிலிருந்து வரும் இணைப்பைத் துண்டித்தார், டெஸ்டரை வைத்துப் பார்த்தார், பிறகுதான் நிஜப் பெட்டியின் மூடியைக் கழற்றினார். அண்ணன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு எட்ட நின்றார். நெஞ்சில் ஒன்றும் அடிக்கவில்லை.

உள்ளே எட்டிப் பார்த்தேன். ஒரு ஒயரின் தோல் முழுதாக உருகி வழிந்திருந்தது. ஒயரைப் பிடித்திருந்த பிளாஸ்டிக் கட்டை கரியாகியிருந்தது. எலக்ட்ரீஷியன் பெட்டியைக் கழற்றி எடுத்தபோது, பின்னால் பலகைத் தடுப்பும் கறுத்திருந்தது. அவர் விரலால் அழுத்தினார். பலகை உதிர்ந்து, ஓட்டை வழியாக அந்தப் பக்கம் தெரிந்தது. குழந்தையின் தலையணை.

"ஒரு ஸ்க்ரூ தளர்ந்தது, அவ்வளவுதான் ஆரம்பம்" என்றார் அவர். "அப்பவே கூப்பிட்டிருந்தா இறுக்கிட்டு, அந்த ஒயரை மட்டும் மாத்திட்டுப் போயிருப்பேன். இப்ப ரிப்பேருக்கு ஒண்ணும் மிச்சமில்ல. பெட்டியையே மாத்தணும்."

அண்ணன் குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். குழந்தை இறங்கப் பார்த்தது. அவர் விடவில்லை. கண்ணீர் அது பாட்டுக்கு வழிந்தது. அண்ணி திட்டுவதற்காக வாயைத் திறந்தார், அவரைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

ரேடியோ மாமா தன் வீட்டுக்கும் எலக்ட்ரீஷியனை இழுத்துக்கொண்டு போனார். சாமி ஓதிய புதுப் பெட்டி, பழைய தகரத்துக்குப் பெயிண்ட் அடித்தது. கழற்றிப் பின்கட்டில் போட்டிருந்த அவருடைய பழைய பெட்டியில் ஒரே ஒரு ட்ரிப்பர் சுவிட்ச்தான் பழுது, மற்றதெல்லாம் நல்ல நிலையில் இருந்தது. மாமா வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டு திரும்பி வந்தார்.

"சரிம்மா, அவன் திருட்டுப் பய. ஒத்துக்கறேன்" என்றார் அண்ணியிடம். "ஆனா இனிமே ரிப்பேரா, மாத்தறதான்னு நாங்க யாரைக் கேக்கிறது? வேற நல்ல சாமி யாராவது இருக்காங்களா?"

அண்ணி தரையில் சிதறிய கிளிப்புகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"மாமா, பாக்ஸைத் தொறந்து பாக்க எலக்ட்ரீஷியன் இருக்காரு. உங்க கழுத்துக்கு மேல ஒண்ணு மூடியே கெடக்குதே, அதை நீங்களாத்தான் தொறக்கணும்."