முப்பதாவது நாளும் வெள்ளை பஸ்சும்

மணிகண்டபிரபு கண் விழித்துப் பார்த்தான். பஸ்சில் எல்லோரும் நீலச் சட்டை. அவன் மட்டும் சாம்பல் சட்டை.

“அண்ணே, இது ஒரகடம் போற பஸ்தானே?”

“ஸ்ரீபெரும்புதூரே வந்துட்சு. இன்னாபா, ஏறச்சொல்லோ பார்க்கலையா?” என்றார் பக்கத்து சீட்காரர்.

பார்க்கத்தான் இல்லை. விடிந்தால் குன்றத்தூரில் வரிசைகட்டி நிற்கும் கம்பெனி பஸ்ஸெல்லாம் வெள்ளைதான்.

எல்லாம் அந்த லட்சியத்தால் வந்த வினை! ‘முப்பது நாள், ஒரு நிமிடம்கூட லேட் கிடையாது’ என்று அறைச் சுவரில் எழுதி ஒட்டியிருந்தான். முப்பது தாண்டினால் வேலை நிரந்தரம் என்று சூப்பர்வைசரே சொல்லியிருந்தார். இருபத்தொன்பது முடிந்துவிட்டது. கடைசி நாள் பிசகக்கூடாது என்று யூனிபார்மோடே படுத்து, முக்கால் மணி நேரம் முன்னாலேயே கிளம்பி, வந்த முதல் பஸ்சில் ஏறித் தூங்கியும் போனான் மகராசன்.

இப்போது மணி ஆறு. ஏழுக்கு ஷிப்ட்.

பஸ்சை நிறுத்தச் சொல்லி இறங்கி, ஷேர் ஆட்டோவில் பாய்ந்து ஏறினான். “ஆள் ரொம்புனாதான் எடுப்பேன்” என்று டிரைவர் சீப்பை எடுத்துத் தலை வாரத் தொடங்கினார். பத்து நிமிடம் வீணாய்ப் போனது. இறங்கி ஓடி, தண்ணீர் கேன் ஏற்றி வந்த மினி லாரியை மறித்தான்.

“ஏறிக்கோ. ஒரகடம் போற வழில நாலு ஹாஸ்டல்ல கேன் எறக்கணும்,” என்றார் லாரிக்காரர் கோபால்.

“நாலா? அண்ணாச்சி, எனக்கு உசுரு போற அவசரம்லா!”

“அப்போ நீயும் எறக்கு.”

இறக்கினான். அவசரத்தில் ஒரு கேன் மூடி பிடுங்கிக்கொண்டு அவனைத் தலையோடு குளிப்பாட்டியது. இரண்டாவது ஹாஸ்டலில் வார்டன் நாச்சியார், “மூணாவது மாடில வச்சிடு” என்றார். ஐயோ சாமி! வைத்துவிட்டு ஓடிவந்தான். நாலாவது ஹாஸ்டலில் கோபால் கீழே இறங்குவதற்குள் வேலையே முடிந்திருந்தது.

“இன்னா வேகம்! தெனம் வர்றியாபா?”

கம்பெனி கேட்டில் லாரியிலிருந்து சொட்டச் சொட்டக் குதித்து, ஓடிப்போய்க் கார்டைத் தேய்த்தான். ஆறு ஐம்பத்தொன்பது!

“சாதிச்சிட்டேம்லா!” என்று அங்கேயே ஒரு துள்ளு துள்ளினான். வேலை நிரந்தரம்! சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

செக்யூரிட்டி கனகலட்சுமி அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

“பஸ்ஸ மாத்தி ஏறித் தொலச்சிட்டேன் யக்கா,” என்று அசடு வழிந்தான். “நம்ம பஸ்சுல ஏறியிருந்தா சொகமா வந்திருப்பேன்.”

“சொகமாவா? அது சோமங்கலத்துல பிரேக் டவுனாயி நிக்குது. குன்றத்தூர்லேந்து இன்னிக்கு டைமுக்கு வந்தது நீ ஒருத்தன்தான்!”