கவாத்து மட்டும் மறந்துடாதீங்க

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே நான், உன் அண்ணி, எத்தனை தடவை பழுது பார்த்தாலும் ஒழுகும் சமையலறைக் குழாய் எல்லாரும் நலம். அங்கே நீ, உன் மகள், மாப்பிள்ளை, புதிதாகப் பிறந்து வீட்டையே கைப்பற்றிவிட்ட பேத்தி எல்லாரும் நலமாக இருக்க வேண்டும். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் போனை எடுத்தால் உன் அண்ணி பக்கத்தில் வந்து நின்று ஒவ்வொரு வாக்கியத்துக்கும் திருத்தம் சொல்கிறாள். அதனால்தான் கடிதம்.

விஷயம் உன் ரோஜாச் செடி பற்றியது. பதறாதே, உயிரோடுதான் இருக்கிறது. வீடு மாறும்போதெல்லாம் ஒரு குச்சியை வெட்டி ஈரத்துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்து நீ காப்பாற்றிய செடி, கடை ரோஜாவுக்கு முகம் மட்டும்தான் உண்டு, இதற்குத்தான் வாசனை என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் நீ பெருமையடித்த செடி, அதை என்னிடம் ஒப்படைத்து, "அடுத்த தடவை இது பூக்கும்போது நான் இங்க இருப்பேன்" என்றும் சொல்லிவிட்டு பஸ் ஏறினாய். பஸ் நகர்ந்த பிறகு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "அண்ணா, கவாத்து மட்டும் மறந்துடாதீங்க" என்று கத்தினாய். எனக்குக் கண் கலங்கிவிட்டது. காலமெல்லாம் காவலர்களுக்குக் கவாத்துப் பயிற்சி கொடுத்து, ஓய்வு பெற்றதிலிருந்து நாற்காலியே கதியென்று கிடக்கும் அண்ணனின் உடம்பைப் பற்றிக் கவலைப்பட ஒரு ஜீவன் இருக்கிறதே என்று நினைத்தேன்.

மறுநாள் காலையிலேயே ஆரம்பித்துவிட்டேன். பழைய பூட்ஸைத் தேடி எடுத்து, பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டு, மொட்டைமாடியில் உன் செடிக்கு எதிரே விறைப்பாக நின்று, லெஃப்ட் ரைட். உடம்பையும் பார்த்துக்கொண்ட மாதிரி, செடியையும் பார்த்துக்கொண்ட மாதிரி. மாடிக்கு நேர் கீழே குடியிருக்கும் தையல்காரர் மேலே வந்து, "சார், எங்க கூரையிலேருந்து சுண்ணாம்பு கொட்டுது, கொஞ்சம் மெதுவா நடங்க" என்றார். கவாத்தில் மெதுவாக என்று ஒன்று கிடையாது என்று விளக்கினேன். அன்றிலிருந்து என் சட்டைக்குப் பட்டன் தைத்துத் தர மாட்டேன் என்கிறார். நானும் தண்ணீர் ஊற்றினேன், எரு போட்டேன். செடி என்னவோ காய்ந்துபோன பழைய பூக்களைச் சுமந்துகொண்டு என் உயரத்துக்கு வளர்ந்தது. பூக்க மட்டும் மாட்டேன் என்றது.

இதற்கு நடுவில்தான் உன் மகள் போனில், "மாமா, அம்மா இங்கேயே இருந்துடட்டுமே" என்றாள். "தாராளமா இருக்கட்டும்மா" என்றேன். போனை வைத்துவிட்டு நேரே மாடிக்குப் போய்ச் செடியிடம் கொஞ்சம் கடுமையாகப் பேசிவிட்டேன். அது தப்புதான். கடைசியில் உன் அண்ணியிடம் முறையிட்டேன்.

"அவ சொன்னது எல்லாம் பண்ணியாச்சு. தண்ணி, எரு, கவாத்து. இன்னும் என்னதான் வேணுமாம் இதுக்கு?"

"செடிக்குக் கவாத்துன்னா கிளையை வெட்டி விடுறதுங்க. பூ முடிஞ்சதும் வெட்டினாத்தான் மறுபடி பூக்கும்."

"முதல்லயே சொல்லக்கூடாதா?"

"சொல்லத்தான் மாடிக்கு வந்தேன். உங்க தொப்பை கரையறதைப் பார்த்தேன். சத்தம் போடாம இறங்கிப் போயிட்டேன்."

இவளோடுதான் நான் குடித்தனம் பண்ணுகிறேன். இனிமேல் மாடியில் நடை இல்லை, வெட்டுதான் என்று கேள்விப்பட்ட தையல்காரர், துணியைத் தவிர வேறெதையும் தொடவிடாத தன் கத்திரியை ஓடிவந்து நீட்டினார். எத்தனையோ பேர் தலைமுடியை ஒட்ட வெட்டச் சொல்லி உத்தரவு போட்டவன் நான், கத்திரியை வைத்துக்கொண்டு செடியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். உன் அண்ணிதான் வாங்கி வெட்டினாள். மொட்டு வரும் மொட்டு வரும் என்று காத்திருந்த செடிக்கு வந்து சேர்ந்தது மொட்டைதான்.

ஆகையால் அது இப்போதைக்குப் பூக்காது. நீயும் அவசரப்பட்டு வர வேண்டாம். பேத்தி தவழட்டும், நடக்கட்டும், வேண்டுமானால் பள்ளிக்கூடம் போகட்டும். உன் அறை பூட்டியே கிடக்கிறது, அதனால் எங்களுக்கு ஒன்றும் இல்லை. பேத்திக்கு என் முத்தம், மாப்பிள்ளைக்கு என் அன்பு, உன் மகளுக்கு என் ஆசி, உனக்கு இவை எல்லாவற்றிலும் கொஞ்சம் கூடுதலாக.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பின்குறிப்பு: இதை நான் அப்போது தபாலில் போடவில்லை. செடி மொட்டையாக நிற்கிறது என்று உனக்குச் சொல்ல மனம் வராமல் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். நடுவில் சட்டையோடு சேர்த்துத் துவைத்தும் ஆகிவிட்டது, எழுத்து கலங்கியிருந்தால் அதுதான் காரணம், வேறு ஒன்றும் இல்லை. இன்று காலை மாடிப்படி ஏறும்போதே வாசனை. ஒரு பூ, பக்கத்திலேயே இன்னும் மொட்டுகள். மேலே நான் வர வேண்டாம் என்று எழுதிய இடத்தையெல்லாம் அடித்துவிட்டுப் படி. இது உதிர்ந்தாலும் வெட்டி விட்டால் மறுபடி பூக்கும், அவளை அவசரப்படுத்தாதீங்க என்கிறாள் அண்ணி. செடிக்கு அவசரம் இல்லைதான். எனக்கு இருக்கிறது. பேத்தியையும் தூக்கிக்கொண்டு கிளம்பி வா.