மடியில் ஒரு பல்பு

மஹய்யாவயில் பல்ப் பாஸ் திருத்திய வாகனங்களைவிட, அவரிடம் காத்துக்கிடந்தே கிழடான வாகனங்கள்தான் அதிகம். எங்கள் பக்கம் கருவி பிடித்தவர் எல்லோரும் பாஸ்தான். ஆனால் ஒரு வயரைத் தொடுமுன் அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருக்கும் பாஸ் இவர் ஒருவரே.

என் கெப் வண்டியின் பியூஸ் மூன்றாவது முறை போன அன்றுதான் எனக்கு அந்த யோசனை வந்தது: நானே திருத்தினால் என்ன? வீடியோ பார்த்தேன், குறிப்பெடுத்தேன், பியூஸ் இருந்த இடத்தில் சொக்லேட் தாளைச் சுருட்டிச் செருகினேன். டாஷ்போர்ட் புகை விட்டது. நான் படித்தவன் என்பது அப்போது யாருக்கும் தெரியவில்லை.

விளையாட்டில்லை. பன்வில தோட்டக் கடைகளுக்கு முட்டை ஏற்றிப் போகிற வண்டி அது. அந்தப் பியூஸ் போனால் பின் லைட் இரண்டும் அணைந்துவிடும். போன வாரம் பனியில் இறங்கி வரும்போது பின்னால் வந்த பஸ் ஒன்று முட்டைத் தட்டுகளின் மேலேயே ஏறப் பார்த்தது. அதனால்தான் பல்ப் பாஸிடம் போனேன்.

அவர் பியூஸைக் கழற்றினார். அந்த இடத்தில் இரண்டு வயரைச் செருகி, நுனியில் ஒரு ஹெட்லைட் பல்பை மாட்டினார்.

“எங்கயோ ஒரு வயரு பாடில ஒரசுது தம்பி. ஒரசுனா இது பளிச்சுனு பத்தும். எந்த எடத்துல பத்துதுனு பாத்தா ஆளு அகப்பட்டுருவான். ஆனா நிக்கிற வண்டில ஒரசாது. ஓடணும்.”

“நான் ஓட்டுவேனா, பல்பைப் பார்ப்பேனா?”

“நான் எதுக்கு இருக்கேன்?”

மறுநாள் காலை ஆறு மணிக்கு அவர் என் வீட்டு வாசலில் நின்றார். தேய்த்த சட்டை, எண்ணெய் வைத்து வாரிய தலை. பியூஸ் பார்க்கப் போகிறவர் பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி வந்திருந்தார். மடியில் துவாயை விரித்து, அதன்மேல் பல்பைக் குழந்தை மாதிரி படுக்கவைத்துக்கொண்டார்.

வத்தேகம தாண்டியதும், “அந்தப் பள்ளத்துல விடுங்க தம்பி” என்றார்.

“பாஸ், பின்னால ஆயிரத்து இருநூறு முட்டை இருக்கு.”

“மெதுவா விடுங்க. முட்டைக்குத் தெரியாம விடுங்க.”

வேர்க்‌ஷொப்பில் அவர் வாகனங்களோடு மட்டும்தான் பேசுவார். “என்னடா ஒனக்கு?” என்று ஒரு லொறியைக் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன். அந்த மனிதர் என் வண்டியில் வாய் ஓயவில்லை. எந்த வளைவில் எந்த வேன் நின்றது, எந்த டிரைவர் பெற்றோலே இல்லாமல் பெற்றரியைக் குறை சொன்னான், எல்லாம் வந்தது. மனைவி குவைத்துக்குப் போய்ப் பதினோரு வருஷம், வெள்ளிக்கிழமை மட்டும் போன் கோல் வரும் என்பதை மட்டும் பல்பைப் பார்த்துச் சொன்னார்.

எனக்கும் பேச்சுத் துணை புதிதாகத்தான் இருந்தது. கூடப் படித்தவர்கள் கொழும்புக்கும் கனடாவுக்கும் போய்விட்டார்கள். “எத்தன தட்டு?” என்ற கேள்வியைத் தவிர வேறு பேச்சே காதில் விழாத நாட்கள் எனக்கு உண்டு.

மூன்றாவது பயணம். பன்வில தாண்டி ஓர் இடது வளைவு. முட்டைத் தட்டுகள் ஒரு பக்கம் சாய்ந்தன. என் கண்ணோரத்தில் பளிச்சென்று வெளிச்சம். திரும்பினேன். பாஸ் உள்ளங்கையால் பல்பைப் பொத்தியிருந்தார். விரலிடுக்குகள் சிவப்பாகத் தெரிந்தன.

“பத்துச்சா பாஸ்?”

“இல்ல தம்பி. வெயில் பட்டுச்சு.”

வெளியே பத்தடிக்கு மேல் தெரியாத பனி. ஹெட்லைட் பல்பு என்ன சூடு சுடும் என்று அவரைவிட யாருக்குத் தெரியும்? வளைவு முடிந்ததும் கையை எடுத்து, குளிர்ந்த ஜன்னல் கண்ணாடியில் வைத்துக்கொண்டார். அடுத்த கடை வரை எடுக்கவில்லை.

பல்பு பற்றினால் பிழை அகப்படும். பிழை அகப்பட்டால் நாளைக்குப் பயணம் இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

வீட்டுக்கு வந்து வண்டிக்கடியில் படுத்தேன். பின்தட்டின் இடது பக்க இரும்பு ஒரு வயரின் தோலைத் தின்றிருந்தது. டேப் சுற்ற இரண்டு நிமிஷம் ஆனது. பல்பைக் கழற்றவில்லை. அவரிடம் சொல்லவும் இல்லை.

அடுத்த பயணத்துக்கு உள்ளங்கையில் கட்டோடு வந்தார். மற்றக் கையில் இரண்டு சோற்றுப் பார்சல். அந்த வளைவு வந்ததும் கட்டுப்போட்ட கை தானாகவே பல்புக்கு மேல் எழுந்தது. பல்பு பற்றவில்லை. பல்பைப் பார்த்தார். பிறகு ஸ்டியரிங்கில் இருந்த என் விரல்களைப் பார்த்தார். நகத்தில் கறுப்பு டேப்பின் பசை இன்னும் போகவில்லை.

கொஞ்ச தூரம் போன பிறகு, “இது லேசுல அகப்படாது தம்பி” என்றார்.

“ஆமா பாஸ். இன்னும் நாலஞ்சு தடவ போய்ப் பாக்கணும்.”

“பாப்போம்” என்று சொல்லிவிட்டுப் பார்சலைப் பிரித்தார்.

ஆனால் பற்றாத பல்பை வைத்துக்கொண்டு எத்தனை நாள் ஓட்டுவது? அதனால் வருகிற வாரம் ஹோர்னில் ஏதோ கரகரப்பு என்று சொல்லப்போகிறேன். அதுவும் கம்பளை ரோட்டில் மட்டும்தான் வருகிறது, கூட வந்து கேட்டால்தான் புரியும் என்று.

கம்பளையில் என்னிடம் முட்டை வாங்குகிற கடை ஒன்றுகூட இல்லை.