குலுக்கல் அண்ணாச்சியின் ஜீப்

எக்ஸ்ரே எந்திரமின்றி, உடம்பின் எலும்புகள் அனைத்தையும் அவரவருக்கே உணர்த்தவல்ல ஒரே மனிதர் எழுபதுகளின் தூத்துக்குடியில் வாழ்ந்தார். உப்பள ஏஜென்டான அவரை ஊரே ‘குலுக்கல் அண்ணாச்சி’ என்றழைத்தது. ராணுவ ஏலத்தில் எடுத்த ஜீப் ஒன்று அவரிடம் இருந்தது. அதில் ஏறி இறங்கியவர்கள், பற்கள் இடத்தில்தான் உள்ளனவா என்று நாக்கால் துழாவிப் பார்த்த பிறகே பேசுவார்கள்.

அவர் மனைவி பிலோமினா, முதுகுத்தண்டில் நோவு கண்டு மாதக்கணக்கில் படுத்து எழுந்தவர். அவருடைய தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. பிறந்த ஊரோ தேரிக்காட்டுச் செம்மணலுக்கு அப்பால், கடற்கரையோரம். பஸ் கிடையாது. ஜீப் ஒன்றே வழி.

“ஒங்க வண்டில ஏறுனா, தங்கச்சி கல்யாணத்தோட என் அடக்கத்தையும் சேத்து நடத்திரலாம்” என்றார் பிலோமினா.

அண்ணாச்சி உடனே பழைய லாரிச் சாமான் கடைக்குப் போய், இருப்பதிலேயே நீளமான ஷாக் அப்சார்பர்களை வாங்கி மாட்டினார். “நீளம் கூடுனா குலுக்கம் கொறையும்லா!” என்பது அவரது சித்தாந்தம். அவை சுருங்குவதற்கு ஜீப்பின் அடியில் இடமில்லை. சிறு பள்ளத்திலும் சட்டத்தில் முட்டின. சோதனைக்கு ஏறிய பிலோமினா, தெருமுனையிலேயே இறங்கி, சுவரைப் பிடித்தபடி வீடு திரும்பினார். அன்று அண்ணாச்சி சாப்பிடவில்லை என்று கேள்வி.

பிறகுதான் அளவெடுக்கும் எண்ணம் அவருக்குப் பிறந்தது. பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது ஷாக் அப்சார்பர் அதுவரை எட்ட வேண்டும். வண்டி அமுங்கும்போது முட்டாமல் சுருங்கவும் வேண்டும். சக்கரத்தைத் தொங்கவிட ஜாக்கி இருந்தது. ஜீப்பை அமுக்குவது எப்படி? ஞாயிறு பூசை முடிந்து வந்த கூட்டத்தை மறித்து, அத்தனை பேரையும் அதில் ஏற்றினார்.

நான் பி.ஏ. பட்டதாரி, துறைமுகத்தில் கண்காணிப்பாளர், நாசரேத்தில் மதிப்புள்ள குடும்பம். எங்கள் சி.எஸ்.ஐ. கோயிலில் ஆராதனை முடிந்து, கோட்டணிந்து, வேதாகமத்துடன் அத்தெருவைக் கடந்துகொண்டிருந்தேன். ஜீப்பின் அடியில் அளவுநூலுடன் மல்லாந்து கிடந்த அண்ணாச்சி குரல் கொடுத்தார்.

“ஏலே, பத்தாது! இன்னும் அமுங்கணும். அங்கன போறது யாரு, சூப்ரண்டு சாரா? நல்ல வெயிட்டான ஆளுலா நீங்க, ஏறுங்க சார்!”

“நான் ஒரு ஆபீசர். தெருவுல இதெல்லாம் நல்லாயிருக்காது.”

“பதவியும் சேந்து அமுக்கட்டும் சார்!”

நடையைக் கட்டவே எண்ணினேன். வாசல்நிலையைப் பிடித்து நின்ற பிலோமினா மெல்லச் சொன்னார்: “ஏறுங்க சார். தங்கச்சிய கல்யாணச் சேலைல பாக்கணும்னு இருக்கு.”

ஏறினேன். இடமின்மையால் மீன் ஏலக்காரர் ஒருவரின் மடியில் அமர நேர்ந்தது. அச்சமயம் பார்த்து என் மேலதிகாரியின் கார் வர வேண்டுமா? எட்டிப் பார்த்தவர், “எங்கேய்யா ஆக்சிடென்ட்?” என்றார். மடியிலிருந்தபடியே வணக்கம் சொன்னேன்.

“அசையாதீங்க சார், நூலு நழுவுது!” என்றது அடியிலிருந்து குரல்.

இரண்டு அளவுக்கும் பொருந்தியது, அந்தக் கடையில் நடுத்தர நீளத்தில் கிடந்த ஒரு ஜோடி. கல்யாணத்தன்று, பின்னால் பாரம் இருந்தால்தான் ஸ்பிரிங் இளகும் என்று என்னையும் ஏற்றிக்கொண்டார். தேரியில் அவர் வண்டியை ஓட்டினார் என்று சொல்வதற்கில்லை. ஒவ்வொரு மணல்மேட்டிடமும் அனுமதி கேட்டுக்கொண்டு போனார்.

“வலிக்கா, பிலோமி?”

“இல்ல.”

“இப்ப?”

“இல்லன்னு சொல்லுதேம்லா. ரோட்டப் பாருங்க.”

“ரோடு எங்கன இருக்கு?”

பதில் வரவில்லை. பதறித் திரும்பினார். பிலோமினா உறங்கிப்போயிருந்தார்.

கல்யாண வீட்டு வாசலில் பேண்டு வாத்தியக்காரர்கள் குழலை உயர்த்தினர். அண்ணாச்சி உதட்டில் விரல் வைத்து அவர்களை அடக்கினார். எஞ்சினை நிறுத்தினால் வண்டி குலுங்கும் என்று அதை நிறுத்தவும் இல்லை. கல்யாணச் சேலையில் ஓடிவந்த தங்கையும், அக்காள் கண் திறப்பதற்காகப் பக்கத்திலேயே மூச்சடக்கி நின்றாள். பின்னிருக்கையில் நான், தொண்டை வரை வந்த இருமலை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.