விசை பெருக்கல் தூரம்

வேகத்தடையில் வண்டி துள்ளியதும் பின்னாலிருந்து ‘படார்’ என்று ஒரு சத்தம். பேராசிரியர் ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கினார். வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். இடது பின்பக்கம் தாழ்ந்திருந்தது.

“டயர் போச்சு,” என்று தீர்ப்பு வழங்கினார்.

கூடவே இறங்கிய மனைவி குனிந்து பார்த்தாள். “காத்து இருக்கிற மாதிரிதாங்க தெரியுது.”

“கண்ணால பார்த்து முடிவு பண்ண நான் என்ன கத்திரிக்காயா வாங்குறேன்? வண்டி அந்தப் பக்கம் சாயுது. சாயுதுன்னா அங்க தாங்குற விசை குறைஞ்சிருக்கு. அப்போ டயர் போச்சு.”

கண் டாக்டரிடம் போவதற்காகப் பின் சீட்டின் இடது ஓரத்தில் உட்கார்ந்திருந்த மாமியார் ஜன்னல் கண்ணாடியை இறக்கினார்.

“மாப்பிள்ளை, நான் ஒண்ணு சொல்லட்டுமா...”

“பதறாதீங்க அத்தை. இறங்கவும் வேண்டாம். உங்க எடைக்கு வண்டி இம்மிகூட நகராது.”

மாமியாரின் எடையைப் பற்றி இவ்வளவு மரியாதையாக யாரும் பேசியிருக்க முடியாது. அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

பத்து மணிக்குக் கல்லூரியில் தேர்வுக் குழு உட்காருகிறது. துறைத் தலைவர் நாற்காலிக்காகப் பேராசிரியர் பதினோரு வருடமாகக் காத்திருக்கிறார். குழுவின் முன் அவர் நடத்த வேண்டிய பாடம், ‘அன்றாட வாழ்வில் திருப்புத்திறன்’. ஒன்றைத் திருப்ப எவ்வளவு விசை வேண்டும், அதை எவ்வளவு தள்ளி நின்று கொடுக்க வேண்டும் என்கிற கணக்கு. அதைச் செய்து காட்ட அவருக்கு வேண்டியது ஒரு மீட்டர் நீளமுள்ள மர ஸ்கேல் மட்டும்தான். இருபது வருடம் வகுப்பெடுத்த அந்த ஸ்கேலும் பின் சீட்டில்தான் வந்துகொண்டிருந்தது.

ஸ்பேனரை நட்டில் மாட்டி அழுத்தினார். நட்டு அசையவில்லை. சட்டைப் பையிலிருந்து பேனா வெளியே வந்தது.

“ஸ்பேனர் கால் மீட்டர். என் கை முந்நூறு நியூட்டன். பெருக்கினா எழுபத்தஞ்சு. இதுக்குக் குறைஞ்சது நூறாவது வேணும்.”

“மெக்கானிக்கைக் கூப்பிடலாமே?”

“அவனுக்குப் பெருக்கத் தெரியுமா? நான் அம்பத்தெட்டு கிலோ, அதாவது ஐந்நூத்தி எம்பது நியூட்டன். ஏறி நின்னா நூத்தி நாப்பத்தஞ்சு!”

ஏறி நின்றார். நட்டுக்குப் பெருக்கல் வாய்ப்பாடு தெரியாது போலிருக்கிறது, அப்படியே இருந்தது. ஸ்பேனர்தான் நழுவி அவர் முழங்காலைச் சிராய்த்தது.

“மாப்பிள்ளை, அந்தச் சத்தம் வந்துச்சு இல்ல...”

“அத்தை, கணக்குல இருக்கேன்!”

எதிர்ச் சாரியில் குழாய் பதித்துக்கொண்டிருந்தவர்களிடம் இரும்புக் குழாய் ஒன்றை இரவல் வாங்கி வந்து ஸ்பேனரின் பிடியில் செருகினார். இப்போது தூரம் ஒரு மீட்டர். ஐந்நூற்று எண்பது! அவர் முகத்தில் அப்போதே துறைத் தலைவர் களை வந்துவிட்டது. ஆனால் குழாயை இடப்பக்கம் நீட்டச் சிமென்ட் குப்பைத் தொட்டி இடம் கொடுக்கவில்லை. வலப்பக்கமாகத் திருப்பி மாட்டினார்.

“ஏங்க, இந்தப் பக்கம் மிதிச்சா இறுகுமே?”

“எந்தப் பக்கம்னா என்ன? அளவைப் பாரு, அளவை!”

திருப்புத்திறனுக்குத் திசையும் உண்டு என்பதை மறந்த மாணவர்களுக்கெல்லாம் பாதி மதிப்பெண்ணை வெட்டியவர்தான் அவர்.

குதித்து ஏறினார். ‘ணங்’ என்றது. குழாய் ஒரு பக்கம், பேராசிரியர் ஒரு பக்கம். எழுந்தபோது வெள்ளைக் கால்சட்டையின் பின்புறம் முழுக்கச் சேறு.

“கழண்டுருச்சு! பார்த்தியா?”

மனைவி கீழே கிடந்ததை எடுத்துக் காட்டினாள். “நட்டு மட்டும் இல்லைங்க. பாதி போல்ட்டையும் முறிச்சுக் கையில குடுத்துட்டீங்க.”

அந்த நேரம் பார்த்துக் கல்லூரியிலிருந்து போன். “சார், குழு வந்தாச்சு. பத்தேகாலுக்கு மேல இருக்க மாட்டாங்களாம்.”

பேராசிரியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பதினோரு வருடம்! கையைக் காட்டி ஒரு டாக்ஸியை நிறுத்தினார்.

“வண்டி எக்கேடும் கெட்டுப் போகட்டும். அத்தை, அந்த மர ஸ்கேலை எடுத்துட்டு இறங்குங்க. அது ஒண்ணு கையில இருந்தா போதும், நாற்காலி எனக்குத்தான்.”

மாமியார் மெதுவாக இறங்கினார். இறங்க இறங்க, வண்டியின் இடது பின்பக்கம் மெல்ல நிமிர்ந்து நேராக நின்றது. பேராசிரியர் அதைப் பார்த்தார். வாழ்நாளில் முதல் தடவையாக அவர் எந்தக் கணக்கும் போடவில்லை.

மாமியார் இரண்டு கைகளையும் நீட்டினார். ஒவ்வொன்றிலும் அரை மீட்டர்.

“இதைத்தான் மாப்பிள்ளை அப்போ புடிச்சு சொல்ல வர்றேன். தூக்கிப் போட்டதுல இது மேலதான் விழுந்தேன். டயர் ஒண்ணும் வெடிக்கல, நீங்க கேட்ட சத்தம் இதுதான்.”