உயராத வண்டிக்கே உள்ளே இடம்

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இரும்புக் கம்பி உருட்டும் ஆலை ஒன்றின் ஊழியரான சின்னதுரை, தம் மோட்டார் சைக்கிளின் இக்னிஷன் டைமிங்கை மாற்றிக்கொண்டார். இச்செய்தி ஊருக்கொரு பாடமாகப் பலவாறு சொல்லப்படுகிறது. மாற்றத்துக்குப் பின் வண்டி எட்டிய வேகம் புதுவாயல் பாடத்தில் மணிக்குத் தொண்ணூற்றிரண்டு கிலோமீட்டர். கவரைப்பேட்டைப் பாடத்தில் நூற்று நான்கு. ஆலை உணவகப் பாடத்தில் நூற்றுப் பதினெட்டு. வண்டியின் வேகமானி கம்பி அறுந்து மூன்றாண்டுகளாக நாற்பதிலேயே நிற்கிறது என்பதில் எல்லாப் பாடங்களும் ஒத்துப்போகின்றன.

மாற்றம் செய்தவர் புதுவாயல் கூட்டுரோட்டில் பட்டறை வைத்திருக்கும் நியாஸ். எஞ்சினுக்குள் பெட்ரோலைக் கொளுத்தும் பொறி, வழக்கமான கணத்துக்கு எட்டு டிகிரி முன்னதாகவே பாயும்படி, பழைய பெட்டியைக் கழற்றிவிட்டு ஒரு கறுப்புப் பெட்டியைப் பொருத்தினார். அதன்பின் வண்டி, காலையில் உதைத்தவரின் காலையே திருப்பி உதைத்தது. மேம்பாலம் ஏறும்போது டப்பாவில் கூழாங்கல் குலுங்குவதைப் போல ஒலித்தது. பெட்ரோல் முன்னிலும் விரைவாகத் தீர்ந்தது. விரைந்தது அது ஒன்றே. ஆயினும் சின்னதுரை, "தொட்டாலே பறக்குது" என்று ஆலை முழுதும் சொல்லிவந்தார். கேட்டவர்களில் ஏழெட்டுப் பேர் தாமும் பொருத்திக்கொண்டு, தமக்கும் பறப்பதாக அறிவித்தனர்.

இது வாகன நிறுத்துமிடப் பொறுப்பு உதவி மேலாளர் தணிகைவேலின் செவிக்கு எட்டியது. விதியோ தெளிவானது: வாகனத்தின் செயல்திறனை உயர்த்தும் மாற்றம் செய்தோரின் நிறுத்துமிட அனுமதி அட்டை ரத்தாகும், உயர்த்தாத மாற்றம் மாற்றமாகவே கருதப்படாது. சின்னதுரைக்கு விளக்கம் கோரும் கடிதம் வந்தது.

அட்டை போனால் வண்டியை நெடுஞ்சாலையோரம் நிறுத்த வேண்டும். அங்கே காலையில் நிறுத்திய வண்டி மாலையில் இருப்பதில்லை. ஷிப்டு ஆறு மணிக்கு. முதல் பேருந்து ஆறரைக்கு. எட்டாண்டு தற்காலிக ஊழியத்துக்குப் பின் அடுத்த மாதம் வரவிருந்த நிரந்தரப் பணி ஆணை, மூன்று நாள் வேலைக்குத் தாமதமாக வந்தால் கிடைக்காது.

அவர் மனைவி கன்னியம்மா நிலைமையை உணர்ந்தவர்.

"இத பாரு, நாக்க கடிச்சிகினு 'ஒண்ணும் ஏறல சார்'னு சொல்லிட்டு வந்துரு. ஊட்ல எங்கிட்ட டெய்லி பொலம்புறியே, அதையே அங்க போயி பொலம்பு."

"நான் எப்ப பொலம்புனேன்?"

"இன்னிக்கு காத்தாலகூட. காலுக்குத் தைலம் தேய்ச்சது யாரு?"

விசாரணை நாளன்று தணிகைவேல், அலுவலகச் சுவர்க்கடிகாரத்தைக் கழற்றி வாயிற்புறத்து மேசைமேல் வைத்துக்கொண்டார். சாட்சியாக நியாஸ் வரவழைக்கப்பட்டிருந்தார். ஷிப்டு முடிந்தவர்களும் வீடு திரும்பாமல் சூழ்ந்து நின்றார்கள். பழைய பெட்டியைப் பொருத்தி நெடுஞ்சாலைத் திருப்பம் வரை சென்று மீள, சின்னதுரைக்குப் பதினோரு நிமிடம் ஆயிற்று. புதிய பெட்டியோடும் பதினோரு நிமிடமே ஆயிற்று. இரு முறையும் திருப்பத்தில் கன்டெய்னர் லாரிகள் நின்றிருந்தன.

தணிகைவேல் எழுதினார்: "செயல்திறன் உயர்வு: இல்லை." பிறகு படிவத்தை நீட்டினார்.

"ஒரு கையெழுத்து போடுப்பா. அட்டைய எடுத்துகினு போயிக்கினே இரு."

கூட்டத்திலிருந்து பென்னியின் குரல் எழுந்தது. அவன் போன வாரந்தான் பெட்டி பொருத்தியவன்.

"இன்னாண்ணா இது? உன் பேச்ச கேட்டுத்தான் நானும் மாட்டுனேன். அப்ப நான் இன்னா லூசா?"

"நம்ம டப்பா மேல கொற இல்ல சார்," என்றார் நியாஸ். "அதே பதினோரு நிமிஷந்தான், ஒத்துக்கறேன். ரெண்டாவது தபா மொகத்துல எவ்ளோ சந்தோஷம் பாத்தீங்களா? அத எழுதுங்க."

"அதுக்கு படிவத்துல எடம் இல்ல பாய்."

சின்னதுரை பேனாவைக் காகிதத்தில் ஊன்றினார், எடுத்தார்.

"சார், லாரி குறுக்க நின்னுச்சு சார். இல்லன்னா ஆறே நிமிஷம்."

"யோவ், நான் உன்ன காப்பாத்திகினு இருக்கேன்யா!"

"அதுக்குன்னு ஏறலன்னு எப்பிடி சார் எழுதிக் குடுக்கறது? நாலு பேரு பாக்கறாங்க."

கூட்டம் கைதட்டியது. ஊழியரின் சுயவிருப்ப வாக்குமூலத்துக்கு மதிப்பளித்து, தணிகைவேல் ஆணை பிறப்பித்தார்: "மேற்படி வாகனத்தின் செயல்திறன் உயர்ந்துள்ளது என இவ்வலுவலகம் ஐயத்திற்கிடமின்றி ஏற்கிறது. அட்டை ரத்து."

அன்று மாலையே ஆணையின் நகல் கண்ணாடிச் சட்டமிடப்பட்டு நியாஸின் பட்டறையில் தொங்கியது. உயர்வு உண்டா இல்லையா என்று அதுவரை தயங்கியவர்களின் ஐயத்தை அலுவலக முத்திரை நீக்கிவிட்டது. ஒரு மாதத்துக்குள் எழுபது வண்டிகளில் அறுபத்தாறு செயல்திறன் உயர்ந்து, அட்டை இழந்தன. இறுதியில் தணிகைவேலும் தம் வண்டிக்குப் பொருத்திக்கொண்டார். விதிக்குக் கட்டுப்பட்டவராதலால் தம் அட்டையைத் தாமே ரத்து செய்து, நகலைத் தமக்கே அனுப்பிக்கொண்டார்.

காலை ஷிப்டுக்கு ஆளில்லாமல் உருளைகள் நிற்பது ஏன் என்று தலைமையகம் வினவியது. தணிகைவேலின் பதில் மாறுபாடின்றி எல்லாப் பாடங்களிலும் கிடைக்கிறது: "ஊழியர் அனைவரிடமும் முன்னைவிட வேகமான வாகனங்கள் உள்ளன. ஆகவே தாமதத்துக்குப் பயணம் காரணமாக இருக்க இயலாது." அவ்விளக்கம் ஏற்கப்பட்டது. பயணம் காரணமல்லாத தாமதம் மூன்று நாளைத் தாண்டியதால், சின்னதுரைக்கு நிரந்தர ஆணை வரவில்லை.

மறுநாள் காலை புதுவாயல் பேருந்து நிறுத்தத்தில் நாற்பது பேர் நின்றிருந்தனர்.

"ஆர்டர் போச்சேண்ணா," என்றான் பென்னி. "ரொம்ப பேஜாரா கீது."

"போவட்டும் நைனா. ஏறுச்சுன்னு ஆபீஸே எழுதிக் குடுத்துச்சில்ல? உன்னுது எத்தினி டிகிரி?"

"ஏழு. உன்னுது?"

"எட்டு."

"எனக்கு ஒன்பது," என்றார் பின்னால் நின்றிருந்த தணிகைவேல்.

எல்லோரும் மரியாதையோடு திரும்பிப் பார்த்தார்கள். அதற்குள் ஆறரை மணிப் பேருந்து, நிற்காமல் அவர்களைக் கடந்து போயிற்று.