கண்ணை மூடிக்கொண்டு பாடும் ரேடியோ

மின்சாமான் கடை முதலாளியும் என் மனைவியின் ஒரே தம்பியுமான மச்சானுக்கு,

உன் அத்தான் வாயால் சொல்ல, உன் அக்கா கையால் எழுதுவது. இங்கே நானும் அவளும் நம் ரேடியோவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே நீயும் தங்கச்சியும் பிள்ளைகளும் நன்றாக இருக்க வேண்டும். உன் கடைச் சாமான்களின் சுகத்தை மட்டும் நான் கேட்கவில்லை. கேட்டால் துக்கம் விசாரித்த மாதிரி ஆகிவிடும். "இதையெல்லாம் எழுதணுமா?" என்கிறாள் உன் அக்கா. "எழுது" என்றேன். எழுதிவிட்டாள்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் உனக்குப் பிடிக்காத பேச்சு வந்தால் "அத்தான், சரியா கேக்கல, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிடுவாய். கடிதத்துக்கு அந்த வியாதி கிடையாது.

விஷயம் என்னவென்றால், நான் ஜெயித்துவிட்டேன்.

மறந்த மாதிரி நடிக்காதே. கோடையில் நீ வந்தபோது, கூடத்து மூலையில் தையல் மிஷினுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் இருக்கிற என் ரேடியோவைப் பார்த்து, பல் குத்திக்கொண்டே என்ன சொன்னாய்? "அத்தான், இது ரேடியோ இல்ல, கரையானுக்குக் கட்டின வீடு. இந்த மழைக்காலத்தத் தாண்டாது. தாண்டுச்சுன்னா என் கடை வாசல்ல நின்னு, நாலு பேர் கேக்க, 'அத்தான் சொன்னதே சரி'ன்னு கத்துறேன். தாண்டலன்னா பழைய சாமான் வண்டியில நீங்களே தூக்கிப் போடணும்." நானும் வீறாப்பில் சரி என்றுவிட்டேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. நான் எழுதப் படிக்கத் தெரியாதவன். உலகத்தில் நடந்ததெல்லாம் எனக்கு அந்தப் பெட்டி வழியாகத்தான் வந்திருக்கிறது. அதை வண்டியில் ஏற்றுவதும் ஒன்று, என் காதை அறுத்து ஏற்றுவதும் ஒன்று.

அது வந்த நாள் எனக்கு நேற்று மாதிரி இருக்கிறது. கிடங்கில் மூட்டை இறக்கி முடித்த கையோடு ரேடியோக் கடைக்குப் போனேன். கடைக்காரர் வழுக்கை, இடது கையில் கடிகாரம் நின்றுபோயிருந்தது. "ஒரு வண்டி பிடிச்சுக்குங்க" என்றார். மூட்டை சுமக்கிற தோள் இருக்கும்போது வண்டி எதற்கு? நடுவழியில் தூறல் பிடித்துக்கொண்டது. சட்டையைக் கழற்றி ரேடியோவுக்குப் போர்த்திவிட்டு வெற்றுடம்போடு வந்து சேர்ந்தேன். கதவைத் திறந்த உன் அக்கா முதலில் ரேடியோவைத்தான் துடைத்தாள். நீ அப்போது அரை டவுசர். உள்ளே ஒரு ஆள் உட்கார்ந்து பேசுகிறார், பாவம் பசிக்குமே என்று பின்பக்க ஓட்டை வழியாக பிஸ்கட் போட்டாய். மறுநாள் காலையில் செய்தியோடு எறும்பும் வந்தது. அத்தனையையும் தாங்கிய பெட்டியைத்தான் இன்றைக்குக் கரையான் வீடு என்கிறாய். எறும்பைக் குடிவைத்தவனே நீதானடா!

சரி, புதுசையும் பார்த்துவிடுவோம் என்று நீ அனுப்பியதையெல்லாம் நியாயமாகத்தான் சோதித்தேன். முதலில் வந்தது கைக்கு அடக்கமான சிவப்பு ரேடியோ. ஏரியலை இழுத்தேன். வந்தது, வந்துகொண்டே இருந்தது, கடைசியில் முழுதாகக் கையோடு வந்துவிட்டது. அடுத்தது ரேடியோவும் டார்ச்சும் ஒன்றாகச் சேர்ந்தது. விளக்கைப் போட்டால் பாட்டு நிற்கும், பாட்டைப் போட்டால் விளக்கு அணையும், புருஷன் பெண்டாட்டிக்குள் பேச்சுவார்த்தை இல்லாத வீடு மாதிரி. ஒரு நாள் இரண்டும் சமாதானமாகிச் சேர்ந்தே கண்ணை மூடின. மூன்றாவது அந்த உருண்டை ஸ்பீக்கர். நீ போனில் சொல்லச் சொல்ல உன் அக்கா எதையோ அமுக்கினாள், அது எங்களை விட்டுவிட்டு மாடியில் குடியிருக்கிற தம்பியின் போனோடு போய் உறவு வைத்துக்கொண்டது. காலையில் நான் டீ குடித்துக்கொண்டிருக்கிறேன், உள்ளேயிருந்து ஒரு குரல் அதட்டுகிறது: "ஹலோ, எங்க இருக்கீங்க?" செய்தி வாசிக்கிறவர்கள் யாரும் இதுவரை என்னை இவ்வளவு அக்கறையாக விசாரித்ததில்லை. "வீட்லதான் இருக்கேன்" என்றேன். "ஆஸ்பத்திரியில சேந்திருக்கேன்னு சொன்னீங்க?" "எனக்கென்ன கேடு? கல்லு மாதிரி இருக்கேன்." "அப்ப நேத்து சொன்ன காய்ச்சல்?" "காய்ச்சலா? அதெல்லாம் உங்கள மாதிரி ஆளுங்களுக்கு வர்றது." அதற்குள் மாடித் தம்பி இடுப்பில் துண்டோடு, படியில் உருளாத குறையாக ஓடிவந்தார். பேசினது அவருடைய மேலாளராம். பாவம், தலை துவட்டக்கூட நேரமில்லாமல் வேலைக்குப் போனார். அப்புறம் ரொம்ப நாள் என்னைக் கண்டால் சுவரைப் பார்த்துக்கொண்டு படியேறினார். என் ரேடியோ இத்தனை காலத்தில் யார் பிழைப்பிலாவது மண்ணைப் போட்டிருக்கிறதா?

நாலாவதாக நீ அனுப்பிய கறுப்பு ரேடியோவைப் பற்றிப் பேசவே வேண்டாம். கொஞ்ச நாளிலேயே ஆளைக் காணோம். அலமாரியில் வெறும் அட்டைப்பெட்டிதான் இருக்கிறது. "எங்கடி?" என்றால், "எனக்கென்ன தெரியும்?" என்கிறாள் உன் அக்கா. கெட்டுப்போகிற சாமான் பார்த்திருக்கிறேன். கரைந்தே போகிற சாமானை உன் கடையில்தான் பார்த்தேன்.

இப்போது என் பெட்டியின் கதையைக் கேள். மழை தொடங்கின புதிதில் அதுவும் படுத்துவிட்டது, ஒளிக்கமாட்டேன். கொரகொர என்று இழுத்து, ஒரு நாள் பேச்சே நின்றது. நான் சாப்பிடாமல் அதன் எதிரில் உட்கார்ந்திருந்தேன். "போய் முடி வெட்டிக்கிட்டு வாங்க, மூஞ்சியப் பாக்க சகிக்கல" என்று உன் அக்காதான் விரட்டினாள். நான் போயிருந்த நேரத்தில் ரிப்பேர்காரர் வந்து பார்த்தாராம். திரும்பி வந்து, குமிழைத் திருப்பி, நம் வீட்டு வழக்கப்படி தலையில் இரண்டு தட்டு தட்டினேன். பாடிற்று பார்! அன்றிலிருந்து அதற்கு வாலிபம் திரும்பிவிட்டது. முன்பெல்லாம் சூடேறி, இருமி, தொண்டையைச் செருமி, அப்புறம்தான் பேசும். இப்போது தட்டியவுடன் பேசுகிறது. முன்பு உடம்பு கொதிக்கும், பூனை மேலேயே படுத்துத் தூங்கும். இப்போது ஜில்லென்று இருக்கிறது, பூனை கோபித்துக்கொண்டு வேறு இடம் பார்த்துவிட்டது. வயது ஏற ஏறச் சூடு தணிவதுதானே பெரிய மனுஷத்தனம்? முகப்பில் இருக்கிற பச்சைக் கண் விளக்கு மட்டும் எரிவதில்லை. அதனால் என்ன, பெரிய பாடகர்கள் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டுதான் பாடுவார்கள்.

இனிமேல்தான் முக்கியம். மழைக்காலத்தின் கடைசியில் புயல் வந்ததே, அன்றைக்குப் பட்டப்பகலில் இருட்டிவிட்டது. கரண்ட் இல்லை. மாடித் தம்பியின் போன் செத்துவிட்டது, எதிர்வீட்டு நர்சம்மாவின் போனும் செத்துவிட்டது. தெருவில் தண்ணீர் முழங்காலுக்கு ஏறுகிறது. அணையைத் திறப்பார்களா, வீட்டைப் போட்டுவிட்டுக் கிளம்ப வேண்டுமா, யாருக்கும் தெரியவில்லை. எல்லாரும் நம் வீட்டுப் படியில் நின்று கையைப் பிசைகிறார்கள். நான் என்னவோ ஒரு பழக்கத்தில் போய்க் குமிழைத் திருப்பித் தலையில் தட்டினேன். பேசியது! கரண்ட் இல்லாமல் பேசியது மச்சான்! "ஐயோ, அத ஏன் தொட்டீங்க?" என்று உன் அக்கா பதறிக்கொண்டு ஓடிவந்தாள். அவளுக்கே பயம். எனக்கு மட்டும் உடனே விளங்கிவிட்டது. இத்தனை வருஷம் குடித்த கரண்ட்டை அது வீணாக்காமல் உள்ளேயே சேர்த்து வைத்திருக்கிறது, ஒட்டகம் தண்ணீர் வைத்திருக்கிற மாதிரி. அணைக்கு ஆபத்தில்லை, நம் மாதிரி மேட்டுத் தெருக்காரர்கள் வீட்டிலேயே இருக்கலாம் என்று செய்தி வந்ததும் எல்லாருக்கும் மூச்சு வந்தது. மாடித் தம்பி, ஆமாம், அதே தம்பி, கையெடுத்துக் கும்பிட்டு, "ஐயா, இது ரேடியோ இல்ல, வீட்டுக்குப் பெரியவங்க" என்றார்.

மழைக்காலம் தாண்டிவிட்டது, பெட்டி பாடுகிறது. ஆகவே வருகிற ஞாயிற்றுக்கிழமை அதே தோளில் அதைச் சுமந்துகொண்டு உன் கடைக்கு வருகிறேன். வாசலில் நின்று நீ கத்துகிறாய். கத்தி முடித்ததும் பின்பலகையைக் கழற்றி, அந்தக் காலத்து வேலைப்பாடு எப்படி இருக்கும் என்று உன் கடை ஆட்களுக்கும் வாடிக்கையாளர்களுக்கும் காட்டப்போகிறேன். பார்க்கட்டும், பார்த்துத் திருந்தட்டும்.

எழுதினதை உன் அக்கா வாசித்துக் காட்டினாள். நான் சொன்னதில் ஒரு சொல் பிசகவில்லை. எனக்கு எழுத்து தெரியாதே தவிர, சொன்னது மறக்காது. தோற்றாலும் நீ நம் பிள்ளைதான். உன் வியாபாரம் பெருக வேண்டும், உன் சாமான்களுக்கு உன் ஆயுசில் பாதியாவது வாய்க்க வேண்டும். எல்லாருக்கும் எங்கள் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
ஜெயித்த அத்தான்

பின்குறிப்பு: தம்பி, இது அக்கா. மேலே இருப்பதைத்தான் அவருக்கு வாசித்துக் காட்டினேன். இனி இருப்பது உனக்கு மட்டும். காணாமல் போன கறுப்பு ரேடியோ எங்கும் போகவில்லை, அவர் பெட்டிக்குள்தான் உட்கார்ந்து பாடுகிறது. பழசைப் பார்த்து ரிப்பேர்காரர் கையை விரித்துவிட்டார். இவர் அதன் எதிரில் சாப்பிடாமல் கிடந்ததை என்னால் பார்க்க முடியவில்லை. அந்த ரிப்பேர்காரரே பெட்டியின் குடலை எடுத்துவிட்டு உன்னுடையதை வைத்து, பழைய குமிழையும் புதுசையும் நூலால் கட்டிக் கொடுத்தார். தட்டினால்தான் பேசும், ஏனென்றால் பேட்டரி அவ்வளவு லூசு. பேட்டரி மாற்றுகிற போதெல்லாம் அவரை முடி வெட்ட அனுப்புகிறேன். வெட்டுவதற்கு இனிமேல் ஒன்றும் இல்லை என்று அந்தக் கடைக்காரர் சொல்லியனுப்பிவிட்டார். உள்ளே ஒரு ஆள் இருக்கிறார் என்று சின்ன வயதில் பிஸ்கட் போட்டாயே, இப்போது நிஜமாகவே இருக்கிறார், உன் கடை ஆள். வெளியே வைத்தபோது உன் சாமான் ஒன்றுகூடத் தங்கவில்லை. உள்ளே வைத்து மரியாதை கொடுத்ததும் புயலையே தாண்டிவிட்டது. ஆகவே நீயும் தோற்கவில்லை, அதை வெளியே சொல்லாதே.

ஞாயிற்றுக்கிழமை அவர் தெரு முனையில் திரும்பும்போதே ஓடிவந்து கத்திவிடு. தொண்டை கிழியக் கத்து. கடையில் இருக்கிற ஸ்க்ரூடிரைவர் அத்தனையையும் ஒளித்து வை.

"என்னடி, இன்னுமா எழுதுற?" என்கிறார். "நம்ம ரெண்டு பேர் சார்பா ஆசீர்வாதம் எழுதுறேங்க" என்றேன். "இவ்வளவு நீளமா? எழுது, எழுது, தோத்தவனுக்குத் தேவைதான்" என்கிறார்.